சரித்திர நாவல் வாசிக்கும்போது மறக்கமுடியாதபடி ஏதாவது நடந்ததா? எழுதுங்கள்

திருவாரூர் வாசகி:
எங்கள் கிளை நூலகத்தில் ராஜம் கிருஷ்ணனின் 'பாதையில் பதிந்த அடிகள்' படித்தோம். பண்ணைக் கூலி ஆட்களுக்காகப் போராடிய மணலூர் மணியம்மாவின் கதை அது. அவர் யாரென்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டாம். கிராப்பும் வேட்டி சட்டையுமாக அவர் மாறுகிற பகுதி ஓடிக்கொண்டிருந்தது. பேரனைக் கூட்டிப்போக வந்து வாசலில் நின்ற ஓர் ஆயா சட்டென்று உள்ளே வந்து, "அந்தம்மாவையா படிக்கிறீங்க? எங்க அப்பாரு தோள்ல தூக்கிவச்சிக் காட்டுனாரு" என்றார். நடவு நட்டே கோணிப்போன விரல்கள், கதவைப் பிடித்தபடி. ஒருங்கிணைப்பாளர் நேரமாகிவிட்டது என்று அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விட்டார். கேட்கச் சொல்லி நான் எழுந்து நின்றும் நடக்கவில்லை. மணியம்மா மான் முட்டி இறந்தது 1953இல். அவரைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் எத்தனை பேர் இருப்பார்கள்? ராஜம் கிருஷ்ணனே ஊர் ஊராகப் போய் இப்படிப்பட்டவர்களைக் கேட்டுத்தானே எழுதினார்! ஆறவே இல்லை எனக்கு.

கும்பகோணத்துக்காரர்:
வருத்தம் புரிகிறது, ஆனால் 1953 எல்லாம் நேற்று நடந்தது, அதைச் சரித்திர நாவலில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. நாங்கள் 'பொன்னியின் செல்வன்' முடித்துவிட்டுப் பெரிய கோயிலுக்குப் போனோம். தான் கொடுத்ததோடு அக்காள் கொடுத்ததையும் கல்லில் வெட்டச் சொன்ன ராஜராஜனின் கல்வெட்டு இருக்கிறதே, அதன் முன்னால் எங்கள் குழுவின் கல்லூரிப் பெண், "அப்போ குந்தவை நெஜமாவே இருந்தாங்களா சார்?" என்று கேட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். கதையில் மட்டும் இருப்பவள் என்று ஐந்து பாகமும் நினைத்துப் படித்திருக்கிறாள்.

மயிலாடுதுறை:
கும்பகோணத்து அண்ணே, ஒத்துக்கொள்ள மாட்டேன். அரண்மனையில் பிறந்தால்தான் சரித்திரமா? பண்ணையாட்களுக்குத் தண்டனையாகக் கொடுத்த சாணிப்பாலும் சவுக்கடியும் நம் தாத்தா காலத்துச் சரித்திரம்தானே? எங்கள் கூட்டத்தில், மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் 1936லேயே தேவதாசி முறையை எதிர்த்து நாவல் எழுதியவர் என்றேன். மூவலூரிலிருந்தே வந்திருந்த ஓர் அக்கா, "எங்க ஊரா?" என்று கேட்ட குரல் இன்னும் காதில் நிற்கிறது.
அப்புறம் திருவாரூர் தங்கச்சிக்கு: அந்தப் பையன் நூலகத்துக்கு வருகிறவன்தானே, அவனை வைத்தே ஆயா வீட்டுக்குப் போங்கள். நடவு, அறுப்பு நாளில் போகாதீர்கள், யாரும் வீட்டில் இருக்க மாட்டார்கள். போனதும் போனை நீட்டாதீர்கள். புத்தகத்தில் ஒரு பக்கம் நிதானமாக வாசித்துக் காட்டுங்கள், தப்பென்றால் அவரே திருத்துவார், அதிலிருந்து பேச்சு தானாக வளரும். பதிவு செய்யலாமா என்று அப்புறம் கேளுங்கள். அவர் வயதுக்காரர்கள் தெருவில் வேறு யார் இருக்கிறார்கள் என்றும் விசாரியுங்கள், ஒருவர் மறந்ததை இன்னொருவர் எடுத்துக் கொடுப்பார். அடுத்த கூட்டத்தைப் பேசாமல் அந்தத் தெருவிலேயே வையுங்கள். ஒருங்கிணைப்பாளர் மாட்டேன் என்றால் நீங்களே நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு போங்கள், ஆனால் இந்த மாதமே போங்கள்.