சுகர் உள்ள அப்பாவுக்கு ஓ.ஆர்.எஸ். கொடுக்கலாமா?

மதுரை மக்களே, ஒரு உதவி. அப்பாவுக்கு 62 வயசு, சுகர், பிரஷர் ரெண்டும் உண்டு. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுல மூட்டை இறக்குறார். நேத்து மதியம் கெண்டைக்கால் இழுத்துப் பிடிச்சு, தலை சுத்தி உட்கார்ந்துட்டார். சட்டை முதுகுல உப்பு வெள்ளையாப் பூத்துக் கிடந்துச்சு. நிழல்ல படுக்கவச்சு, ஈரத்துண்டு போட்டு விசிறினதும் தெளிஞ்சுட்டார். பக்கத்துக் கடைக்காரர் ஓடிப்போய் ஜிகர்தண்டா வாங்கிட்டு வந்தார். பாசம்தான், ஆனா சுகர்காரருக்கா அது!

ஓ.ஆர்.எஸ். பொடி 1 லிட்டர் தண்ணிக்கு 1 பெரிய பாக்கெட்னு தெரியும். அதுல சர்க்கரையும் உப்பும் இருக்கே, இவருக்கு எவ்வளவு கொடுக்கலாம்? பிரஷர் மாத்திரையும் நீர் பிரிக்கிற வகை. வெயில்ல அந்த மாத்திரை அளவை மாத்தணுமா? நாங்களா நிறுத்தல. உடம்பு கொதிச்சு பேச்சு குழறினா உடனே 108தான்னு வீட்டுல சொல்லிவச்சிருக்கேன். எங்க டாக்டர் திங்கக்கிழமைதான் வர்றார். நர்ஸ் அக்காமார், மருந்துக்கடை அண்ணன்மார் யாராவது சொல்லுங்க.