ஜாங்கோ (பைத்தானில் வலைத்தளம் கட்டும் கருவி) அட்மின் பக்க லிங்க் உங்களுக்கு எங்கே உடைந்தது?

வைகைக்கரை:
கொள்முதல் ஆர்டர் பதிவானதும் கிடங்குக்கு மெயில் போகும். அதிலிருந்த அட்மின் லிங்க்கைக் கையாலேயே எழுதி வைத்திருந்தேன். பாதுகாப்புக்காக ஒரு நாள் 'அட்மின்/' என்ற பாதையை மாற்றினோம். மறுநாள் காலை ஆறரைக்குக் கிடங்கு அக்கா போன் செய்தார். "தம்பி, எதைத் தொட்டாலும் 404-ன்னு வருது, லாரி வாசல்ல நிக்குது." அந்தக் குரல் இன்னும் காதிலேயே இருக்கிறது. அவசரமாக, பெயரைக் கொடுத்தால் பாதையைத் தானே தரும் ரிவர்ஸுக்கு மாற்றினால் நோரிவர்ஸ்மேட்ச், அதாவது அந்தப் பெயரில் பாதை இல்லை என்ற பிழை. மாடல் (டேட்டாபேஸ் அட்டவணைக்கான கிளாஸ்) பெயரை 'பர்ச்சேஸ்_ஆர்டர்' என்று அடித்திருக்கிறேன். நடுவில் அண்டர்ஸ்கோர் இல்லாமல், எல்லாம் ஸ்மால் லெட்டரில் சேர்த்து எழுத வேண்டும் என்று பிடிபட முக்கால் மணி நேரம் ஆனது.

பொன்வண்டு:
எனக்கும் அதே பிழை, ஆப் பெயரில். ஃபோல்டர் பெயரைப் போட்டேன், ஆப்பின் அமைப்புகளை வைக்கும் ஆப்கான்ஃபிக்கில் லேபிள் வேறாக இருந்தது. பெயரைக் கையால் அடிக்கவே அடிக்காதீர்கள். ஆப்ஜெக்டின் _மெட்டாவில் (மாடலைப் பற்றிய விவரங்கள் இருக்கும் இடம்) ஆப்_லேபிளும் மாடல்_நேமும் இருக்கின்றன. முன்னால் 'அட்மின்:' போட்டு, இரண்டையும் அண்டர்ஸ்கோரால் கோத்து, கடைசியில் _சேஞ்ச் ஒட்டுங்கள், பிகேயை (பிரைமரி கீ, ஒவ்வொரு வரிக்கும் உள்ள தனி அடையாளம்) கொடுங்கள். டெலிட், ஹிஸ்டரி இரண்டுக்கும் அப்படியே. சேஞ்ச்லிஸ்ட் (பட்டியல்) பக்கத்துக்கும் ஆட் (புதிதாகச் சேர்க்கும்) பக்கத்துக்கும் பிகே வேண்டாம். ரிவர்ஸ் பாதையை மட்டும்தான் தரும், மெயிலுக்கு டொமைனை நீங்கள்தான் சேர்க்க வேண்டும். லிஸ்ட் டிஸ்ப்ளேயில் (அட்மின் பட்டியலின் பத்திகள்) லிங்க் காட்டுவதானால், மதிப்புகளை எஸ்கேப் செய்து தரும் ஃபார்மட்_ஹெச்டிஎம்எல் போடுங்கள், அப்படிச் செய்யாத மார்க்_சேஃப் பக்கம் போகாதீர்கள். இவ்வளவு செய்தால் அப்புறம் உடையவே உடையாது.

தூக்கணாங்குருவி:
உடையும், பொன்வண்டு. நீங்கள் சொன்னபடியேதான் நாங்களும் எழுதியிருந்தோம். எங்கள் பிகே வெறும் எண் இல்லை, லாட்_2609 மாதிரி வரும். லாட்_2701 திறந்தது. லாட்_2609-ஐத் தட்டினால் அட்மின் முகப்புக்கே திருப்பி அனுப்பி, 'லாட்&09' என்ற ஐடி இல்லை, ஒருவேளை அழிக்கப்பட்டிருக்கலாம் என்றது. டேட்டாபேஸில் அந்த வரி கண்ணெதிரே இருக்கிறது, பக்கத்து சீட்காரர் அதற்குள் பேக்கப்பை இறக்கத் தொடங்கிவிட்டார்! விஷயம் இதுதான்: யூஆர்எல்லில் அண்டர்ஸ்கோரை அடுத்து வரும் சில இரண்டெழுத்துகளை அட்மின் சங்கேதமாகப் படிக்கும். _26 என்றால் அதற்கு &. _27-க்கு அப்படி எதுவும் இல்லை, அதனால் அது தப்பித்தது. அட்மின் யுடில்ஸில் உள்ள குவோட் என்ற ஃபங்ஷன் வழியாகப் பிகேயை அனுப்பினால் அண்டர்ஸ்கோர் _5எஃப் ஆகிவிடும், சரியாகத் திறக்கும்.

வைகைக்கரை:
எங்கள் சப்ளையர் மாடலிலும் பிகே எழுத்துதான், நடுவில் அண்டர்ஸ்கோர். இப்போதே திறந்து பார்க்கிறேன்.