சிப்பில் 10 மடங்கு நீர்த்தல்: சாயத்துக்குச் சரி, சீரத்துக்குத் தப்பு

காட்பாடிக்காரன்:
கையடக்க ரத்தச் சோதனைக் கருவிக்கு பிடிஎம்எஸ் (தெளிவான சிலிகான் ரப்பர்) சிப், உள்ளே மயிரிழை போன்ற சேனல்கள். சேனல் 200 மைக்ரான் அகலம், 100 மைக்ரான் ஆழம். சீரத்துக்கு (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர்) ஒரு வாய், பஃபருக்கு (அமில-காரச் சமநிலை காக்கும் உப்புக் கரைசல்) ஒரு வாய், இரண்டுக்கும் ஒரே அழுத்தம். சீரம் வரும் சேனல் 9 மடங்கு நீளம். பஃபரில் கலந்த மஞ்சள் சாயம் விட்டால் கச்சிதமாக 10 மடங்கு நீர்க்கிறது. சீரம் விட்டால் ரீடிங் மூன்றில் ஒரு பங்கு குறைவு. வேலூர் பக்கம் அணைக்கட்டு ஊரில் முகாமில், ஏசி இல்லாத அறையில், குமிழி வேறு. எங்கே கோளாறு?

பாலாற்றங்கரை:
சாயத்தண்ணீர் ஓடுகிற மாதிரி சீரம் ஓடாது சார். அதன் பாகுத்தன்மை தண்ணீரைப் போல சுமார் 1.6 மடங்கு. அப்போது 9 பங்கு பஃபருக்கு 1 பங்கு சீரம் வருவதற்குப் பதில் 0.63 பங்குதான் வரும். 10 மடங்கு என்று நினைத்தது 15 ஆகிவிடும். உங்கள் ரீடிங்கும் அதையேதான் சொல்கிறது. முழு ரத்தம் விட்டால் இன்னும் மோசம்.
அழுத்தத்தை நம்பாமல் கொள்ளளவால் அளந்துகொள்ளுங்கள். 5 × 1 × 0.2 மி.மீ. அறை என்றால் சரியாக 1 மைக்ரோலிட்டர். அதில் சீரத்தை நிரப்பி, மிச்சத்தை வழியவிட்டு, பின்னாலிருந்து 9 மைக்ரோலிட்டர் பஃபரைத் தள்ளுங்கள். அறை முனையில் சேனல் சட்டென்று அகன்றால் சீரம் அங்கேயே நிற்கும்.
சிப்பை ஒட்டும்போது அழுத்திவிடாதீர்கள். உங்கள் சேனலின் ஆழம் 10% குறைந்தாலே ஓட்டத்துக்கு எதிர்ப்பு சுமார் 30% கூடும்.

சத்துவாச்சாரி:
கலந்ததா என்றும் பாருங்கள். இந்த அளவில் சுழலே கிடையாது, பரவித்தான் கலக்கணும். சீரத்தில் உள்ள அல்புமின் புரதம் 100 மைக்ரான் பரவ சுமார் 80 விநாடி. விநாடிக்கு 1 மி.மீ. ஓட்டத்தில் 8 செ.மீ. சேனல் போய்விடும். சேனலின் கூரையில் மீன்முள் வடிவில் சாய்ந்த பள்ளங்கள் வெட்டினால் நீளம் வெகுவாகக் குறையும்.
குமிழி நம்ம ஊர் வெயில் வேலை. ஃப்ரிட்ஜில் 4 டிகிரியில் கரைந்திருக்கும் காற்றில் ஏறக்குறைய பாதிதான் 40 டிகிரியில் தங்கும். பஃபரில் 0.05% ட்வீன் 20 (சோப்பு போன்ற ஒரு பொருள்) போடுங்கள்.

பாலாற்றங்கரை:
ட்வீன் வேண்டாம் சார், அறை முனையில் சீரம் நிற்கும் என்று நான் சொன்ன அந்த நிறுத்தம் கசிந்துவிடும். பஃபரை அறைச்சூட்டுக்குக் கொண்டுவந்து சிரிஞ்சில் எடுத்து, முனையை விரலால் அடைத்து, பிஸ்டனை இழுத்துப் பிடியுங்கள். சுவரில் கடுகு மாதிரி குமிழி கிளம்பும். தட்டி மேலேற்றி வெளியே தள்ளுங்கள். மூன்று தடவை செய்தால் போதும்.

காட்பாடிக்காரன்:
அப்போ சரிபார்ப்பதும் சாயத்தண்ணீரில் வேண்டாம், சீரத்திலேயே சாயம் கலந்து பார்க்கிறேன். அறை வெட்டிய சிப் அடுத்த வாரம் வரும்.