1962 ஜாகுவார் ஈ-டைப் 3.8: ஐடிலிங்கில் ஹெட்லைட் மங்குகிறது

கேள்வி: பேட்டரி புதுசு. ஐடிலிங்கில் ஆம்மீட்டர் முள் மைனஸ் பக்கம் (பேட்டரி சார்ஜ் இறங்கும் பக்கம்) போகுது. டைனமோ போச்சா?

பதில்: அவசரப்படாதீங்க. டைனமோ ஐடிலிங்கில் சார்ஜே பண்ணாது, கட்-அவுட் (டைனமோவை பேட்டரியோடு இணைக்கும் தானியங்கி சுவிட்ச்) பிரிஞ்சிருக்கும். 1500 ஆர்பிஎம்மில் முள் ப்ளஸ் பக்கம் வந்தால் சரி. வரலைன்னா டைனமோவில் இருக்கிற டி (அவுட்புட்), எஃப் (ஃபீல்டு) ஒயர்களைக் கழற்றி, டைனமோவின் இரண்டு டெர்மினலையும் சேர்த்து, அங்கிருந்து பாடிக்கு வோல்ட்மீட்டர் வையுங்க. வேகத்தை மெதுவா ஏத்தினால் வோல்ட் சீராக ஏறணும். 20-ஐத் தாண்ட விடாதீங்க. 1 வோல்ட் பக்கமே நின்றால் ஃபீல்டு காயிலில் (காந்தப்புலம் உண்டாக்கும் சுருள்) கோளாறு, ஒன்றுமே காட்டாவிட்டால் பெரும்பாலும் பிரஷ்ஷில் (சுழலும் பாகத்தைத் தொட்டு மின்சாரம் எடுக்கும் கார்பன் கட்டை) கோளாறு.

பதில்: எர்த்தையும் (பேட்டரியை பாடியோடும் எஞ்சினோடும் சேர்க்கும் இணைப்பு) பாருங்க. இந்த மாடலில் ப்ளஸ்தான் எர்த். ஸ்டார்ட்டர் சுத்தும்போது பேட்டரி ப்ளஸ் போஸ்ட்டுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் ஸ்ட்ராப்பைக் கழற்றி, இரு முனையையும் பளிச்சென்று தேய்த்து மாட்டுங்க.