மறு: லிஃப்ட்டுக்குத் தமிழ், சனிக்கிழமைக்குள்

காட்பாடி:
வேலூரில் சனிக்கிழமை ஹாஸ்கெல் என்ற நிரல்மொழி வகுப்பு, அதில் வரும் 'லிஃப்ட்' என்ற சொல்லுக்குத் தமிழ் வேண்டும். நிரலில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று அடுக்கு: மேலே ரீடர்டீ (அமைப்புகளைப் படிக்க), நடுவில் எக்ஸெப்ட்டீ (பிழைகளைக் கவனிக்க), கீழே ஸ்டேட்டீ (மாறும் நிலையை வைத்திருக்க). டிபன் கேரியர் மாதிரிதான். நிலையை எடுப்பது 'கெட்', ஒவ்வொரு தட்டைத் தாண்டவும் ஒரு 'லிஃப்ட்'; ஆகவே அடித்தட்டிலிருக்கும் நிலையை எடுக்க 'லிஃப்ட் (லிஃப்ட் கெட்)'. எம்டிஎல் என்ற ஆயத்த நிரல் தொகுப்பு இருந்தால் வெறும் 'கெட்' போதும். போன தடவை ஸ்லைடில் 'மின்தூக்கி' என்று போட்டு, எத்தனையாவது மாடி சார் என்று கேட்டுவிட்டார்கள்.

ஆற்காடு:
தூக்கு தொல்காப்பியம் சொல்லும் செய்யுள் உறுப்பு, இகழ வேண்டாம். ஆனாலும் என் சொல் 'ஏற்றம்'. பாலாற்றங்கரைக் கிணறுகளில் இறைத்ததே, அதுதான். துலா என்ற நீண்ட மரத்தின் மேல் ஒருவர் முன்னும் பின்னும் நடப்பார், கீழே ஒருவர் தண்ணீர் அள்ளும் சால் பிடிப்பார், எத்தனை சால் என்ற கணக்கு பாட்டிலேயே வந்துவிடும். இந்தத் துலாவும் துலாக்கோலும் ஒன்றா என்பது...

ஆம்பூர்:
ஐயா, சனிக்கிழமை! ஏற்றம் சரி. எம்டிஎல்லில் லிஃப்ட் என்று எழுதாமலே நடக்கும் ஏற்றத்துக்கல்லவா பெயர் வேண்டும்? 'பாலை உடைய குடம்' என்று விரிக்காமல் 'பாற்குடம்' என்கிறோம், இலக்கணத்தில் இப்படி மறைந்து வருவது தொகை. 'ஐ'யும் இல்லை, 'உடைய'வும் இல்லை, படிப்பவருக்குப் புரிகிறது. இங்கே வகையை (டைப்) பார்த்து, நிரலைக் கணினிக்கு மொழிபெயர்க்கும் கம்பைலர் புரிந்துகொள்கிறது. எழுதினால் விரியேற்றம், எழுதாவிட்டால் தொகையேற்றம்.

ஆற்காடு:
தம்பி, அருமை. உடம்படுமெய்யும் ஒழுங்காக வந்திருக்கிறது.

காட்பாடி:
பிள்ளைகளுக்குத் தொகை என்றால் பணம் ஐயா. 'தொகையேற்றம்' என்றால் உதவித்தொகை கூடிவிட்டது என்று கைதட்டுவார்கள்.

குடியாத்தம்:
1995-ல் லியாங், ஹூடாக், ஜோன்ஸ் எழுதிய கட்டுரையிலிருந்தே இதற்கு லிஃப்ட் என்றுதான் பேர். பையன் நாளைக்கு வேலைக்குப் போகிற இடத்தில் ஏற்றம் என்றால் யாருக்குத் தெரியும்? அப்புறம், இரண்டு ஸ்டேட்டீ அடுக்கினால் வெறும் 'கெட்' மேலதைத்தான் எடுக்கும். கீழதற்கு லிஃப்ட் எழுதியே ஆக வேண்டும்.

ஆம்பூர்:
அதையேதான் அண்ணே நானும் சொல்கிறேன். தொகையில் பொருள் மயங்கினால் விரித்துத்தானே எழுதுகிறோம்?

குடியாத்தம்:
இலக்கணம் படித்தவன் விரிப்பான். இவன் டிப்ளமோ இரண்டாம் வருஷம்.

காட்பாடி:
நேரமாகிவிட்டது. 'ஏற்றம்' என்று போட்டுவிட்டேன், இரண்டு பேர் சரி என்றிருக்கிறீர்கள். எழுதாததற்கு இப்போதைக்கு 'மறை ஏற்றம்'.

குடியாத்தம்:
நான் வகுப்பெடுத்தால் லிஃப்ட்தான்.

ஆற்காடு:
மறை என்றால் வேதம் என்றும் ஆகும். என் ஓட்டு தொகைக்கே. துலா பற்றித் தனி மடல் போடுகிறேன்.