வரைபில் மூன்று பிள்ளைகளைக் காணவில்லை, மையத்துவமும் தலைகீழாக வருகிறது

யாழ்_கணக்கு:
வணக்கம். தரம் 10 வகுப்பில் யார் யாரோடு சேர்ந்து குழுவேலை செய்கிறார்கள் என்பதைப் பைதனில், நெட்வேர்க்எக்ஸ் என்ற வலையமைப்பு நிரல் நூலகத்தை வைத்து வரைபாக்குகிறேன். பிள்ளை ஒவ்வொன்றும் ஓர் உச்சி, இரண்டு பேர் ஒரே குழுவில் இருந்தால் விளிம்பு, எத்தனை முறை சேர்ந்தார்களோ அதுதான் நிறை. இடாப்பில் 34 பேர், வரைபில் 31 உச்சிதான் நிற்கிறது. மற்றது, யார் நடுவில் பாலமாக நிற்கிறார் என்று பார்க்க இடைமை மையத்துவம் (மற்றவர்களுக்கு இடையிலான குறுகிய பாதைகள் எந்தளவு ஒருவர் வழியாகப் போகின்றன என்ற அளவு) எடுத்தால், முன்வாங்குக்காரரோடும் பின்வாங்குக்காரரோடும் மாறி மாறி வேலை செய்கிற பிள்ளைக்குப் பூச்சியம்! இரண்டு பக்கமும் ஒரே ஒரு முறை எட்டிப் பார்த்த பொடியன் முதலிடம். நிறையையும் கொடுத்துத்தான் கணக்கிட்டேன்.

சுன்னாகம்_பைதன்:
நிறையைக் கொடுத்ததுதான் வினை. அந்தக் கட்டளை நிறையைத் தூரமாக எடுத்துத்தான் குறுகிய பாதை தேடும். 5 முறை சேர்ந்தவர்கள் 5 அலகு தள்ளி நிற்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளும், அப்ப அந்தப் பிள்ளை வழியாகப் போனால் 10, பொடியன் வழியாக 2, பிறகு ஆருக்கு முதலிடம்? 1/நிறை என்று தூரத்தைத் தனிப் பண்பாகச் சேர்த்து அதைக் கொடுங்கோ, 0.4 எதிர் 2 ஆகிவிடும். விளிம்புப் பட்டியலில் இருந்து மட்டும் கட்டினால் விளிம்பில்லாத பிள்ளைகள் வரமாட்டார்கள். முதலில் 34 பேரையும் உச்சிகளாகப் போடுங்கோ, பெயருக்குப் பதில் எண்.

ஓய்வுபெற்ற_ரீச்சர்:
தம்பி சொன்னது சரி. குழுவின் அளவையும் பாருங்கோ. 4 பேர் குழுவுக்கு 6 விளிம்பு, 6 பேர் குழுவுக்கு 15. பெரிய குழுவில் சும்மா குந்தியிருந்த பிள்ளைக்கும் தொடர்பு கூடிவிடும். ஆய்வுக் கட்டுரைகளைச் சேர்ந்து எழுதுகிற இணையாசிரியர்களின் வலையமைப்புகளுக்கு நியூமன் என்ற ஆய்வாளர் 2001இல் செய்தது போல, 4 பேர் என்றால் சோடிக்கு 1/3, 6 பேர் என்றால் 1/5 என்று போடலாம். அதுசரி, குழு பிரித்தது ஆர்? நீங்கள் என்றால் வரைபில் தெரிவது உங்கள் தெரிவுதான். ஆருக்கு ஆரோடு உறவு என்று வரைபாக்கிய முன்னோடி மொரேனோ, 1934இல் வந்த அவருடைய புத்தகத்தில் பாருங்கோ, பக்கத்தில் யார் இருக்க விருப்பம் என்று பிள்ளைகளையே கேட்டார். அப்படிக் கேட்டால் விளிம்புக்குத் திசையும் வரும்.

யாழ்_கணக்கு:
34ம் வந்துவிட்டது, பிள்ளையும் மேலே ஏறிவிட்டா. அந்த மூவரும் தீவுப்பக்க பஸ்ஸில் வருகிறவர்கள், பஸ் பிந்தினால் முதலாம் பாடத்தில் குழு பிரிந்து முடிந்திருக்கும். குழுவேலையைக் கடைசிப் பாடத்துக்கு மாற்றப் போகிறேன். குழு பிரிப்பது நான் இல்லை ரீச்சர், அவர்களே கதிரையை இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். 1/3, 1/5 போட்டாலும் தூரத்துக்கு மறுபடி தலைகீழாக்க வேண்டும்தானே?

சுன்னாகம்_பைதன்:
ஓம். ஆனால் எல்லாக் குழுவேலையையும் கூட்டி முடித்த நிறையைத் தலைகீழாக்குங்கோ. ஒவ்வொன்றாகத் தலைகீழாக்கிப் பிறகு கூட்டினால் பழைய பிழைதான் திரும்ப வரும்.