பருத்தி பாதிக்கு மேல முளைக்கல, உயிர் உரம் போட்டும்! அவசரம்

விளாத்திகுளத்தான்: பருத்தி ஊனி 12 நாள் ஆச்சு. பாதிக்கு மேல காணோம். வந்த செடியும் இலை ஓரம் கருகுது. உப்பு மண்ணுக்கு நல்லதுன்னாங்கன்னு அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியாங்கிற ரெண்டு பாக்டீரியா உரத்தையும் விதையில கலந்துதான் போட்டேன். பாக்கெட் டூப்ளிகேட்டா?

கம்மாக்கரை: மானாவாரியா, கிணத்துப் பாசனமா? என்ன ரகம்? மண் பரிசோதனை பண்ணீங்களா? ஒண்ணுமே சொல்லலியே அண்ணாச்சி.

உரக்கடைத்_தம்பி: பாக்கெட்ல தேதி பாருங்க. வெயில்ல கிடந்த பாக்கெட்டுன்னா உள்ள வெறும் கரித்தூள்தான்.

புதியவன்77: ஜிப்சம் போடுங்க, சரியாயிடும்.

கரிசல்_வாத்தியார்: வருஷா வருஷம் இதே பாட்டு. இங்க பழைய இழையைத் தேடிப் படிக்கிற வழக்கமே கிடையாது. ஜிப்சம் களர் மண்ணுக்கு, அதாவது சோடியம் ஏறி பி.எச்., அதான் கார அமில அளவு, 8.5க்கு மேல போனதுக்கு. உவர் மண்ணுக்கு நல்ல தண்ணி கட்டி உப்பைக் கீழ இறக்கணும். பாக்டீரியா உப்பைத் தின்னாது. வளந்த பருத்தி உப்பைத் தாங்கும், முளைக்கிற விதை தாங்காது.

விளாத்திகுளத்தான்: கிணத்துத் தண்ணிதான். பி.டி. விதை (காய்ப்புழுவுக்காக மரபணு மாத்தினது), ரோஸ் கலர்ல இருந்துச்சு. கஞ்சியில கலந்து வெயில்ல காயப்போட்டேன். பார் உச்சியில, அதான் விதை ஊனின மண் மேட்டு மேல, வெள்ளையா பூத்திருக்கு, நாக்குல வச்சா கரிக்குது.

நாட்டுவிதை: நம்ம நாட்டுப் பருத்தி கருங்கண்ணி போட்டிருந்தா இந்தத் தொல்லையே இல்ல.

உரக்கடைத்_தம்பி: கருங்கண்ணிப் பஞ்சு நார் குட்டை. நல்ல விலைக்கு எந்த மில்லுல எடுப்பான்?

நாட்டுவிதை: மில்லுக்காரன் பேச்சைக் கேட்டுத்தான் கடன்ல கிடக்கோம்.

கம்மாக்கரை: சண்டையை வேற இழையில வச்சுக்கோங்கப்பா. அண்ணாச்சி, அந்த ரோஸ் கலர் மருந்து பூசின விதை, பாக்டீரியாவுக்கு ஆகாது. வெயில் வேற. நிழல்லதான் அரை மணி நேரம் உலத்தணும். ஆனா பாக்டீரியா செத்ததால முளைப்பு நிக்காது. உங்க வினை பார் உச்சியில ஊனினது. தண்ணி ஏறிக் காயும்போது உப்பு மொத்தமும் உச்சிக்குத்தான் வரும். விடுபட்ட இடத்துல பாரோட பக்கவாட்டுல ஊனுங்க. ஏக்கருக்கு 4 பாக்கெட் உயிர் உரத்தை 10 கிலோ மக்கின தொழுவுரம், 10 கிலோ மண்ணோட கலந்து ஈரத்துல தூவுங்க. காஞ்ச மண்ணுல போட்டா வீண்.

கரிசல்_வாத்தியார்: நான் சொன்னதைத்தான் இவரும் நீட்டிச் சொல்றாரு.

விளாத்திகுளத்தான் (11 நாள் கழிச்சு): பக்கவாட்டுல ஊனினேன். நடுவுல ஒரு நல்ல மழை. முக்காவாசி வந்துருச்சு. மழையா பாரான்னு தெரியல. பாக்கெட்ல தேதி பாத்தேன், தை மாசமே முடிஞ்சிருக்கு.